கவுண்ட் ஏறவில்லை என்றால் செல் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாத வியாதி என்று சொல்லி மாசி மாதம் ஸ்டெம் செல் மாற்றினார்கள். டோனர் நான்தான். முதல் மாதம் வெள்ளணு நன்றாக ஏறியது. இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது. வெள்ளணு 1,900, பிளேட்லெட் 18,000, ஹீமோகுளோபின் 7. வாரா வாரம் ரத்தம் ஏற்றுகிறோம். 'கைமெரிசம் 98 சதவீதம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் 'அக்கா ரத்தம் ஒத்துக்கலை' என்கிறார்கள். என் செல்லில்தான் கோளாறா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லையம்மா. உங்கள் கடிதத்திலேயே நல்ல எண் அந்த 98-தான். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பார்த்து அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

கைமெரிசம் என்பது, தம்பியின் ரத்தத்தில் இருக்கும் செல்களில் எத்தனை பங்கு டோனருடையது, எத்தனை பங்கு அவருடைய பழைய செல் என்று மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்க்கும் சோதனை. உடம்பு உங்கள் செல்லைத் தள்ளியிருந்தால் இந்த எண் சரிந்திருக்கும். அது வேறு வியாதி, அதற்குப் பெரும்பாலும் இன்னொரு மாற்று சிகிச்சையே செய்ய வேண்டி வரும். தம்பிக்கு அப்படி இல்லை. உங்கள் செல் பிடித்துவிட்டது, உற்பத்திதான் குறைவு. நெசவு நடக்கிற ஊரில் இருக்கிறீர்கள், சொன்னால் புரியும்: நெசவாளி புதுசு, கெட்டிக்காரர், தறிக்கூடம்தான் மழையில் ஊறிப்போனது.

1986-லிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிற வேலூருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு 'ஒத்துக்கலை' என்று பேசுகிறார்களே, அந்தச் சொந்தக்காரர்களைச் சொல்ல வேண்டும்.

சரி, ஏன் குறைகிறது? நானாக இருந்தால் முதலில் கேட்பது மாத்திரைச் சீட்டை. மாற்றுக்குப் பிறகு சிஎம்வி என்ற வைரஸ் தலைதூக்குவது சகஜம். அந்த வைரஸும் மஜ்ஜையை அமுக்கும், அதை அடக்கக் கொடுக்கிற வால்கான்சிக்ளோவிரும் அமுக்கும். நிமோனியா வராமல் இருக்கத் தருகிற செப்ட்ரானும் சிலருக்குக் கவுண்ட்டைக் குறைக்கும். அதற்காக நீங்களே எதையும் நிறுத்திவிடாதீர்கள். 'இந்த மாத்திரையால் கவுண்ட் இறங்குமா, இதற்குப் பதில் வேறு மாத்திரை இருக்கிறதா' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இது தவிர டோனர் செல் உடம்பைத் தாக்குகிற ஜிவிஹெச்டி, வீங்கிய மண்ணீரல், பி12 குறைவு, வருஷக்கணக்கில் ரத்தம் ஏற்றியதில் சேர்ந்துபோன இரும்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மஜ்ஜை டெஸ்ட்டும் மறுபடி எடுக்கலாம்.

காரணம் பிடிபட்டால் அதற்குச் சிகிச்சை. நடுவில் வெள்ளணு ஏற ஊசியும், பிளேட்லெட்டுக்கு எல்ட்ராம்போபேக் மாத்திரையும் சிலருக்குக் கை கொடுக்கும். அப்படியும் அசையாவிட்டால் 'பூஸ்ட்' என்பார்கள். அதாவது உங்களிடமே மறுபடி செல் எடுத்து, ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்து, பெரும்பாலும் கீமோ இல்லாமலே ஏற்றுவது. கேட்டால் பயப்படாதீர்கள். போன முறை போலவே சில நாள் ஊசி, இடுப்பு வலி, சில மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுக்கை. கெட்ட செல் என்றால் உங்களிடமே திரும்பக் கேட்பார்களா?

வீட்டு வைத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, நன்றாக வேகவைத்துத் தின்றால் ருசி, அவ்வளவுதான். கவுண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சையாக அரைத்த பப்பாளி இலைச் சாறு வேண்டவே வேண்டாம். இரும்பு டானிக்கும் டாக்டர் சொல்லாமல் கூடாது. ஒரு யூனிட் ரத்தத்திலேயே 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. ஆடி வேறு வருகிறது, தொற்று பயம் இருக்கிறது. கோயில் அண்டாக் கூழும், கிருத்திகைக்கு ரத்தினகிரி கூட்டமும் தம்பிக்கு இந்த வருஷம் இல்லை.

காய்ச்சல் 100.4 காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அப்புறம், பக்கத்து ஊரில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் 'ஸ்டெம் செல் மாற்றியவர், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் வேண்டும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். சீட்டில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஓ பாசிட்டிவ், டோனரான அவர் தம்பி ஏ பாசிட்டிவ். மாற்று முடிந்து மற்ற கவுண்ட் எல்லாம் ஏறிவிட்டது, ஹீமோகுளோபின் மட்டும் படுத்துக் கிடக்கிறது. ஏன்?
— ஒரு வாசகி, ஆரணி

பதில்: குரூப் பொருந்தாவிட்டாலும் ஹெச்எல்ஏ என்ற திசு அடையாளம் பொருந்தினால் மாற்று செய்யலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஓ குரூப்காரர் உடம்பில் ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே உண்டு. பழைய மஜ்ஜை போனாலும் அது சில மாதம் சுற்றிக்கொண்டிருக்கும், புதிதாகப் பிறக்கும் சிவப்பணுவைப் பிறக்கும்போதே அழிக்கும். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் பெரும்பாலும் தப்பிக்கும். ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுவின் எண்ணிக்கையும் அந்த ஆன்டிபாடியின் அளவும் பார்த்தால் தெரிந்துவிடும். பலருக்கு ஆன்டிபாடி தானே தேயத் தேய ஹீமோகுளோபின் ஏறிவிடுகிறது; இழுத்துக்கொண்டே போனால் அதற்கும் மருந்து இருக்கிறது.

அதுவரை அவருக்குச் சிவப்பணு ஓ குரூப்பில்தான் ஏற்ற வேண்டும். பிளேட்லெட்டுக்கும் பிளாஸ்மாவுக்கும் கணக்கு வேறு, டோனர் குரூப்பைப் பார்ப்பார்கள். இரண்டு பையில் இரண்டு குரூப் எழுதியிருக்கிறதே என்று நர்ஸ் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் பிளட் பேங்க்கில் கேளுங்கள், சொல்வார்கள். கடைசியில் உங்கள் கணவரே ஏ பாசிட்டிவ் ஆகிவிடுவார். டிரைவிங் லைசென்ஸில் ரத்த குரூப் எழுதியிருந்தால் அப்போது மறக்காமல் மாற்றுங்கள்.