கேள்வி – பதில்: ஓடிய ஆறு ஏன் கோடுகளாக உறைந்தது?

கேள்வி: கோடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் 3-ஆம் பதிப்பில் உருவாக்கிய இருபரிமாண விளையாட்டைக் கோடோ 4-க்கு மாற்றினேன். ஆற்று நீரை ஓடவைக்கும் ஷேடர் (திரைப்புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) முதல் ஐந்து நொடிகளுக்குள் குலைந்து, நீர்ப்பரப்பு முழுவதும் கிடைக்கோடுகளாக இழுபட்டு நின்றுவிடுகிறது. இம்போர்ட் பகுதியில் இருந்த, படம் முடியும் இடத்தில் அதையே மறுபடி தொடரச்செய்யும் ‘ரிப்பீட்’ அமைப்பைக் காணவில்லை. நோடில் (காட்சியின் ஓர் உறுப்பு) அதை இயக்கியும் பயனில்லை. அலைக்கான நாய்ஸ் படத்தை (ஒழுங்கற்ற வடிவங்கள் நிறைந்த படம்) யூனிஃபார்ம் (ஷேடருக்கு வெளியிலிருந்து மதிப்பு தரும் மாறி) வழியாகக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை. நீங்கள் அனுப்பிய வரியில் யூவி-யின் (படத்தில் ஓர் இடத்தை 0 முதல் 1 வரையான எண்களால் குறிக்கும் ஆயம்) கிடைமதிப்புடன் நேரத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டுகிறீர்கள். ஆகவே சரியாக ஐந்தாம் நொடியில் பரப்பின் எல்லாப் புள்ளிகளும் 1-ஐ எட்டிவிடுகின்றன. ரிப்பீட் இயங்கினால் அங்கிருந்து படம் மறுபடி தொடங்கும். இயங்காவிட்டால் படத்தின் கடைசி நெடுவரிசையிலுள்ள நிறமே ஒவ்வொரு வரியிலும் நீண்டுகொண்டு போகும். நீங்கள் பார்க்கும் கோடுகள் அவைதாம்.

கோடோ 3-இல் இந்த அமைப்பு படத்தோடு ஒட்டியிருந்தது. 2023 மார்ச்சில் வெளியான 4.0 பதிப்பிலிருந்து அது படத்தைப் பயன்படுத்தும் இடத்திற்கு நகர்ந்துவிட்டது. இருபரிமாணத்தில் இயல்புநிலை ‘டிஸேபிள்ட்’, அதாவது முடக்கம். இன்ஸ்பெக்டரில் (நோடின் அமைப்புகளைக் காட்டும் பலகம்) நீங்கள் இயக்கிய ரிப்பீட், அந்த நோடின் சொந்தப் படத்தை, அதாவது ஷேடரில் ‘டெக்ஸ்ச்சர்’ என்று அழைக்கப்படுவதை மட்டுமே கட்டுப்படுத்தும். யூனிஃபார்மாக வரும் நாய்ஸுக்கு அது எட்டாது. இந்த வேறுபாடு இன்ஸ்பெக்டரில் எங்கும் கண்ணில் படாததால், பழகியவர்களும் இங்கே மணிக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஷேடரில் அந்த யூனிஃபார்மை அறிவிக்கும் வரியின் முடிவில், அரைப்புள்ளிக்கு முன்பாக, முக்காற்புள்ளி இட்டு ‘ரிப்பீட்_எனேபிள்’ என்ற குறிப்பைச் சேருங்கள் (ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நடுவே அடிக்கோட்டுடன்). ஏற்கெனவே வேறு குறிப்பு இருந்தால் காற்புள்ளி இட்டுத் தொடருங்கள். ஆறு மீண்டும் ஓடும்.

புராஜெக்ட் செட்டிங்ஸில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரிப்பீட்டை இயக்கச் சிலர் சொல்லக்கூடும்; நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். லீனியர் ஃபில்டர் (அருகிலுள்ள நிறங்களைக் கலந்து மென்மையாக்கும் முறை) உள்ள ஸ்பிரைட்டுகளின் (விளையாட்டில் வரும் தனிப் படவுருக்கள்) ஓரத்தில் எதிர்ப்பக்க நிறம் மெல்லிய கீற்றாகக் கசிந்து, வேறொரு தேடலுக்கு உங்களை இழுத்துவிடும். அட்லஸ் டெக்ஸ்ச்சரிலிருந்து (பல படங்களை ஒன்றாக அடுக்கிய பெரிய படம்) வெட்டியெடுத்த துண்டுக்கும் ரிப்பீட் பொருந்தாது என்பதால், நாய்ஸைத் தனிப் படக்கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.