கோவையில் சி.என்.சி. வேலை பார்ப்பவருக்கு வெளிநாட்டு பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்க எது நல்ல வழி?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 31. டிப்ளமோ மெக்கானிக்கல், கணபதி பக்கம் சி.என்.சி. செட்டர் (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்), கல்யாணம் ஆகவில்லை. கனடாவா, ஆஸ்திரேலியாவா, ஜெர்மனியா என்று கேட்டிருக்கிறார். நான் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் பார்க்கிறவன். வெளிநாடு கிளம்பும் பையன்களுக்கு அனுபவக் கடிதம் அடித்துத் தருவதும் என் வேலைதான். எந்த நாடு என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. இத்தனை வருஷம் பார்த்த வேலை காகிதத்தில் இருக்கிறதா?

நம் ஊர்ப் பட்டறைப் பழக்கம் தெரியுமே. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம். பி.எஃப். இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. மைக்ரான் சுத்தமாக வேலை செய்கிறவனும் கனடாக்காரன் கணக்கில் வேலையே பார்க்காதவன். 'எங்களிடம் நல்லமுறையில் பணிபுரிந்தார்' என்று நாலு வரி எழுதி சீல் குத்தினால் அங்கே எடுபடாது. லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை என்று எல்லாம் இருக்க வேண்டும். பதவிப் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லிப் பையன்கள் கெஞ்சுவார்கள். 'சூப்பர்வைசர்' என்றால் கௌரவமாம். அங்கே பெயரை விட வேலை விவரத்தைத்தான் பார்ப்பார்கள். டிராயிங் பார்த்து செட்டிங் போடுவது, ஆஃப்செட் கொடுப்பது, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பது, இதையெல்லாம் எழுதுங்கள். சம்பளத்தை இந்த மாதத்திலிருந்தே பேங்கில் போடச் சொல்லுங்கள்.

சரி, நாடுகளுக்கு வருவோம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அதாவது புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறையில், வயதுதான் ஆளை அடிக்கும். கல்யாணமாகாதவருக்கு 29 வரை 110 புள்ளி, 31-க்கு 99, 35-க்கு 77. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்பதில் 8, மற்ற மூன்றில் 7 வந்தால் புள்ளி நன்றாக ஏறும். அங்குள்ள ஒரு மாகாணமே 'இவர் வேண்டும்' என்று பரிந்துரைக்கும் மாகாண நாமினேஷன் கிடைத்தால் ஒரேயடியாக 600. வேலை ஆஃபர் லெட்டருக்குக் கொடுத்து வந்த புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அந்த லெட்டரை விற்கிறவன் இன்னமும் 'புள்ளி வரும்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 32 வயது முடியும்வரை முழு 30 புள்ளி, அந்த வகையில் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குறைந்தது 65 புள்ளி வேண்டும், ஆனால் 65-ஐ வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பது வீண். 491 என்ற தற்காலிக விசாவில் பெருநகரங்களுக்கு வெளியே, அரசு குறித்திருக்கும் பகுதியில் மூன்று வருஷம் இருந்து வேலை பார்த்தால், அப்புறம் 191 என்ற விசா மூலம் பி.ஆர். கேட்கலாம். விசாவுக்கு முன் வேலைத் திறனைச் சோதிக்கும் திறன் மதிப்பீட்டில் சில தொழில்களுக்கு நேர்காணலும் செய்முறையும் உண்டு. மெஷின் முன்னால் நிற்கத் தெரிந்தவருக்கு அது பயமில்லை.

என்னைக் கேட்டால், உங்களுக்கு ஜெர்மனிதான். அரசு அங்கீகாரம் உள்ள டிப்ளமோவும் கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷ அனுபவமும் இருந்தால், அவர்கள் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும் பட்சத்தில், 2024 மார்ச்சிலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது. படிப்பை முறைப்படி அங்கீகரிக்க வைத்து, திறன் பணியாளர் அனுமதியில் போனால் மூன்று வருஷத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம். ஆனால் பி1 அளவுக்கு, அதாவது நடுத்தர அளவுக்கு ஜெர்மன் மொழி வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து 'டேர், டீ, தாஸ்' மனப்பாடம் செய்வது லேசில்லை. பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

அமெரிக்கா பற்றிப் பேசவே வேண்டாம். வேலை வழி கிரீன் கார்டில் (அந்த ஊர் பி.ஆர்.) வருஷத்துக்கு எந்த நாட்டுக்காரருக்கும் மொத்தத்தில் 7 சதவீதம்தான் என்பதால் இந்தியர் வரிசை நகராது.

கிராஸ்கட் ரோட்டில் விசா ஏஜென்ட் என்று போர்டு வைத்திருப்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏஜென்டின் பதிவு எண்ணை, கனடா என்றால் ஆர்.சி.ஐ.சி. எண், ஆஸ்திரேலியா என்றால் மாரா எண், கேளுங்கள். இரண்டையும் அந்தந்தப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். 'பி.ஆர். கேரண்டி' என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, கடிதத்தில் கையெழுத்துப் போடும் முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். 'ஏங்கண்ணு, போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?' என்று கொஞ்சம் முகம் சுருங்கும், பரவாயில்லை. சரிபார்க்க போனோ மெயிலோ வரலாம். அந்த நேரம் பார்த்து அவர் 'அப்படி யாரும் இங்க இல்லீங்களே' என்று சொல்லிவிடக் கூடாது.