அம்மாவுக்குப் போகும் மூவாயிரம்

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் காரைக்குடியில் கடை வைத்திருக்கிறார். போன வருடம் எனக்குச் சம்பளம் 3,000 ரூபாய் ஏறியது. அவரிடம் சொல்லாமல், காளையார்கோவிலில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அதை மாதாமாதம் போனிலேயே அனுப்பிவிடுகிறேன். வங்கிக் குறுஞ்செய்தி வரும் நேரத்தில் போனைக் கவிழ்த்து வைப்பேன். "இந்த வருஷம் சம்பளம் ஏத்தலையா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது மனசாட்சி உறுத்துகிறது. நான் செய்வது பாவமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புச் சகோதரி, அம்மாவுக்குக் கொடுப்பது பாவமில்லை. ஆண்டவருக்குக் காணிக்கையாக நேர்ந்தாயிற்று என்று சாக்குச் சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். பெற்றவர்களைப் பார்ப்பது மகனுடைய வேலை, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதில் பங்கில்லை என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். பைபிளில் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

உங்களை உறுத்துவது அந்த "இல்லை".

பைபிளில் திருத்தூதர் பணிகள் நூலின் 5-ஆம் அதிகாரத்தில் அனனியா, சப்பிரா என்று ஒரு கணவன் மனைவி வருகிறார்கள். நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்து வைத்துவிட்டு, இதுதான் முழுத்தொகை என்று திருத்தூதர்களிடம் கொடுத்தார்கள். இருவரும் அங்கேயே விழுந்து இறந்தார்கள். காணிக்கையில் குறைத்தவர்களுக்கு விழுந்த தண்டனை என்றே இதைப் பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். திருத்தூதர் பேதுரு அவர்களிடம் கேட்பது வேறு. விற்கும் முன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். கொடுக்காமலே இருந்திருக்கலாம், பாதியைக் கொடுத்து, பாதிதான் என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது, நீங்கள்தான் அதை நம்பவில்லை. உங்கள் கணவர் ஒருமுறையாவது மறுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லையே! நீங்களே அவருக்காகவும் முடிவெடுத்துவிட்டீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கணவரிடம் ஒப்பிக்க வேண்டுமா? வேண்டாம். தெரிந்துகொள்ள உரிமை இல்லாதவரிடம் உண்மையைச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 2489) சொல்கிறது. ஒரு தோழி உங்களை நம்பிச் சொன்ன ரகசியம் உங்களோடு இருக்கட்டும். ஆனால் இருவர் உழைப்பில் ஓடும் வீட்டின் வரவு அவருக்குத் தெரிய வேண்டியதுதான். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஊரறிய நடப்பதால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. உங்கள் மூவாயிரமும் அப்படித் தெரிந்தே தனியாக இருக்கலாம்.

சரி, எப்படிச் சொல்வது? "அம்மாவுக்கு அனுப்பட்டுமா?" என்று அனுமதி கேட்டு ஆரம்பிக்காதீர்கள். "சம்பளம் ஏறுச்சு, உங்ககிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன், அது தப்பு. அந்தப் பணம் அம்மாவுக்குப் போகுது, இனியும் அனுப்பணும்" என்று சொல்லுங்கள். பொய்க்கு மன்னிப்புக் கேளுங்கள், அம்மாவுக்காகக் கேட்காதீர்கள். கடை அடைத்துக் களைத்து வந்த நேரத்திலோ வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போதோ பேச்சை எடுக்க வேண்டாம். ஒருவேளை அவர் கை நீட்டும் மனிதர் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது) சொன்னால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாமியாரிடம் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் பொய்யைக் கேட்டது உங்கள் கணவர், அவரிடமும் சொல்லத்தான் வேண்டும். "இத்தனை மாசம் ஏன் மறைச்சே?" என்று கேட்டால், "வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக அடுத்த மாதம் அம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.