நடைக்குழுவைப் பால் சொசைட்டி வாசலில் தொடங்குங்கள்

"எங்கள் ஊரில் வாரம் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து நடக்கும் குழு ஒன்றைத் தொடங்க ஆசை. கூப்பிட்டால் வருவார்களா? எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூப்பிட்டால் வரமாட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய ஊர் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தனியாக நடக்கச் சோம்பல்பட்டு, ஊரையே நடக்க வைக்கக் கிளம்பினேன். ஞாயிறு வெடியால ஆறு மணி, மாரியம்மன் கோயில் திடல் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். திடலுக்கு வந்தது நான், என் மச்சான், கோயில் நாய். மச்சானும் பைக்கில்தான் வந்தார்.

அடுத்த வாரம் பால் சொசைட்டி வாசலில் ஒரு பெரியம்மாவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஏனுங் தம்பி, ஆறு மணிக்கு நான் கட்டுத்தரையில பால் கறந்துட்டு இருப்பேன். நீங்க நடக்கக் கூப்புட்டீங்கன்னு மாடு பொறுத்துக்குமா?" என்றார். அவரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். யாரும் கூப்பிடாமல் தினமும் வருகிறவர்கள். பாலை ஊற்றிவிட்டு அரைமணி நேரம் பழமை பேசாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. (மற்ற ஊர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் பழமை என்றால் பேச்சு.)

"அந்தப் பழமைய நடந்துட்டே பேசலாமுங்களா பெரிம்மா?" என்றேன். சிரித்தார். ஆனால் ஞாயிறு ஏழேகாலுக்குக் காலி கேனைச் சொசைட்டி சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர். குழு தொடங்கியது அன்றைக்குத்தான். உங்கள் ஊரில் பால் சொசைட்டி இல்லையென்றால், ஆட்கள் ஏற்கெனவே எங்கே கூடி நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பனியன் கம்பெனி வேன் நிற்கும் இடமாகக்கூட இருக்கலாம்.

அடுத்து வந்த தொல்லை வேகம். தறிப்பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் விறுவிறுவென்று போய்விட்டார்கள். பெரியம்மா நூறடி பின்னால். பின்தங்குகிறவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள், கூச்சம். அதற்கு நாங்கள் கண்டுபிடித்தது விசில். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை எடுத்துக்கொண்டோம். இருபது நிமிஷம் அவரவர் வேகத்தில் வாய்க்கால் கரையில் நடப்பது. விசில் ஊதியதும், எங்கே இருக்கிறோமோ அங்கேயே திரும்புவது. வேகமாகப் போனவருக்குத் திரும்பும் வழி நீளம், மெதுவாகப் போனவருக்குக் குறைவு. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எல்லோரும் சொசைட்டி வாசலுக்கு வந்துவிடுவோம். விசில் கேட்காத தூரம் போகிற பையன்கள் செல்போனில் அலாரம் வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த வேகம் சரி என்பதற்குக் கடிகாரம் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பழமை பேசும் கூட்டத்துக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது. பத்தாயிரம் அடி கணக்கு சொல்லி ஒருவர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அந்த எண், 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பேரிலிருந்து வந்தது. வைத்தியர் போட்ட கணக்கு அல்ல என்று சொன்னதும் அடங்கினார்.

நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிறு என்றால் கறிக்கடை வரிசை இருக்கும், ஆவணி பிறந்தால் முகூர்த்தம் மேல் முகூர்த்தம். "சனிக்கிழமைக்கு மாத்திரலாமுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஞாயிறு நானும் மச்சானும் மட்டும் நடந்தோம், ஆனாலும் நடந்தோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற ஊர்கள் நம்முடையவை. நாள் குறித்தாகிவிட்டது என்று தெரிந்தால் ஜனம் கிளம்பிவிடும். ஒன்று, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சிலர் வெறுங்காலோடு வந்தார்கள். சர்க்கரை இருந்து கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது. செருப்போ ஷூவோ கட்டாயம் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு டீசர்ட் அடிக்காமல் இருக்க முடியுமா? முப்பது அடித்தேன். வாங்காதவர்கள் தாங்கள் குழுவில் இல்லை போல என்று நினைத்து நின்றுவிட்டார்கள். அவர்களைத் திரும்ப வரவைக்க இரண்டு மாசம் ஆயிற்று.

இதைவிடப் பெரிய தப்பு, ஒருவர் வெறும் வயிற்றில் வந்தது. இன்சுலின் போட்டிருந்தார், சாப்பிட்டிருக்கவில்லை. பாதி வழியில் சட்டையெல்லாம் வேர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்பது தெரியாமல், மயக்கம் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தோம். பெரியம்மாதான் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டார். கால்மணி நேரத்தில் தெளிந்தார். அன்றிலிருந்து என் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் நடைக்கு முன் என்ன சாப்பிடுவது என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது. அதற்கும் நெஞ்சுவலிக்கும் உடனே 108.

வாரம் ஒருநாள் நாற்பது நிமிஷம் நடந்து சர்க்கரை இறங்காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். பாக்கி நூற்றுப்பத்து நிமிஷத்தை மற்ற நாட்களில் நடக்க, ஞாயிற்றுக்கிழமை ஜோடி சேரும். பெரியம்மாவும் அவர் நங்கையாளும் (நாத்தனார் முறை) இப்போது பொழுதோட, அதாவது சாயங்காலம், தினமும் நடக்கிறார்கள். எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. மாத்திரை குறையவில்லை, கூடவும் இல்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவ முகாம் என்று அறிவித்திருந்தார்கள். கிட்டத்தில் இருந்தால் ஒருமுறை குழுவோடு போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாய்க்கால் கரைதான் உங்கள் வழி என்றால், தண்ணீர் விட்டிருக்கும் மாசங்களில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். புல் மண்டிய இடத்தில் முன்னால் போகிறவர் கையில் ஒரு தடி இருக்கட்டும். எங்களுக்கு இரண்டு தடவை பாம்பு குறுக்கே போயிருக்கிறது.