யோரெத் பேசியதை யார் கேட்டார்கள்?

கேள்வி: டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை இந்தப் பகுதியில் அடிக்கடி பரிந்துரைக்கிறீர்கள். அதில் பெண்கள் என்று சொல்ல கலாட்ரியல், இயோவின், ஆர்வென் என மூன்று பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா வந்து போகிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பதில்: எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். மோதிரத்தை அழிக்கப் புறப்படும் ஒன்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை. அதற்கு முன்பு 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண், கதாநாயகன் பில்போவின் தாய் பெல்லடோனா டூக். அவரும் கதைக்குள் வருவதில்லை. இந்தக் குறையை டோல்கீனின் வாசகர்கள் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் ‘சும்மா வந்து போகிறவர்கள்’ என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாது.

1955இல் வந்த மூன்றாம் பாகத்தில், நெடுங்காலமாக அரசனில்லாத கோண்டோர் நாட்டின் தலைநகர் மினாஸ் டிரித்தில் உள்ள மருத்துவ இல்லத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பணிவிடை செய்யும் பெண்களில் மூத்தவர் யோரெத். போர் ஓய்ந்த மாலையில் அந்நாட்டுத் தளபதி ஃபராமிரும் இயோவினும், அந்த ஒன்பது பேரில் ஒருவரான மெர்ரியும் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயில் கிடக்கிறார்கள். ஃபராமிரின் முகத்தைப் பார்த்து அழுதபடி அந்த மூதாட்டி, கோண்டோரில் அந்தக் காலத்தைப்போல அரசர்கள் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். அரசனின் கை வைத்தியனின் கை என்றும், உரிமையுள்ள அரசன் யார் என்பதை அதை வைத்தே அறியலாம் என்றும் ஒரு பழைய சொல் உண்டே என்கிறார். கைராசி என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே நம்பிக்கைதான்.

அந்த நேரத்தில் அரச வம்சத்தின் வாரிசான அரகார்ன் நகருக்கு வெளியே கூடாரத்தில் இருக்கிறார். அரியணைக்கு உரிமை கோரி உள்ளே நுழைந்தால், எதிரி இன்னும் வீழாத நிலையில் வீண் பூசல் எழும் என்று எண்ணி, நுழையாமல் நிற்கிறார். யோரெத்தின் சொல் காதில் விழுந்ததும் மந்திரவாதி கண்டால்ஃப் விரைந்து வெளியேறி அரகார்னிடம் போகிறார். போய், கோண்டோரின் அறிவார்ந்த பெண் யோரெத் இப்படிச் சொன்னார் என்று பெயர் சொல்லியே அந்த வாக்கை எடுத்துரைக்கிறார். அரசன் முடி சூடுவதற்கு முன்பே தன் நகருக்குள் வைத்தியனாக நுழைவதும், அதைக் கண்ட மக்கள் அவனை அரசன் என்று தாங்களாகவே பேசத் தொடங்குவதும் இதற்குப் பிறகுதான் நடக்கின்றன. மூன்று பாகம் நீளும் கதையில் அரசன் திரும்பி வரும் வாசலைத் திறந்துவிட்டவர், நோயாளியின் தலைமாட்டில் அழுதுகொண்டு நின்ற ஒரு கிழவி. இவரையா வந்து போகிறவர் என்கிறீர்கள்?

அடுத்து நடப்பதை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். அதெலாஸ் என்ற பச்சிலை இருக்கிறதா என்று அரகார்ன் கேட்கிறார். அந்தப் பெயரில் தெரியாது என்று சொல்லும் யோரெத், ‘கிங்ஸ்ஃபாயில்’ என்றதும் அடையாளம் கண்டுகொள்கிறார். சகோதரிகளுடன் காட்டில் அதைப் பார்த்ததையும், நான் ராஜாவாக இருந்தால் என் தோட்டத்தில் இதைவிட நிறமான செடிகளை வைப்பேன் என்று சொன்னதையும், கசக்கினால் எழும் அதன் மணத்தையும் அவர் நினைவுகூர்கிறார். இனிமையான மணம் என்று முதலில் சொன்னவர், உடனே அந்தச் சொல் போதாது என்று நிறுத்தி, உடம்புக்கு நல்லது செய்கிற மணம் என்று திருத்திக்கொள்கிறார். செடியைத் தொட்டுப் பழகியவருக்குத்தான் இப்படித் தகுந்த சொல்லைத் தேடத் தோன்றும். பிறகு வரும் மூலிகை அதிகாரிக்கு அந்த இலையின் பெயர் பல மொழிகளில் தெரிகிறது. அவரிடம் இலைதான் இல்லை. அதைப் பற்றிய பாட்டையும் அவரே சொல்லிவிட்டு, கிழவிகளின் நினைவில் சிதைந்துபோன வெற்றுப் பாட்டு என்று தள்ளுகிறார். பொறுமையிழந்த கண்டால்ஃப், படிப்புக் குறைவாகவும் விவேகம் அதிகமாகவும் உள்ள ஒரு கிழவனைத் தேடிப் போ, அவன் வீட்டில் இலை இருக்கும் என்று கத்துகிறார்.

‘கிழவனை’ என்கிறார். விவேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கதை அப்போதுதான் நமக்குக் காட்டி முடித்திருக்கிறது, அப்படியிருந்தும் அவர் வாயில் வருவது கிழவன்தான். டோல்கீன் மீது எனக்கு இருக்கும் குறை இதுதான். யோரெத்துக்கு இவ்வளவு பெரிய பங்கைக் கொடுத்துவிட்டு, ஓயாமல் பேசுகிறவர் என்று நம்மைச் சிரிக்கவும் வைக்கிறார். உன் நாக்கின் வேகத்தில் ஓடி இலையைக் கொண்டு வா என்று அரகார்னே சொல்கிறார். முதல் முறை படித்தபோது நானும் அந்தப் பேச்சைத் தாண்டித்தான் போனேன், அதற்காக இன்று வருந்துகிறேன். எழுத்தாளர் பாதி மறைத்ததை மீதி மறைப்பது வாசகரின் அவசரம்.

பெண்ணின் தரப்பை அவரால் எழுத முடியாது என்று எண்ணினால், 1980இல் அவர் மகன் கிறிஸ்டோஃபர் பதிப்பித்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ தொகுப்பில் எரெண்டிஸின் கதையைப் படியுங்கள். கடலே கதியென்று கிடக்கும் கணவனுக்காகக் காத்திருந்து கசந்துபோனவர் அவர். மலை கல்லுக்கு, மரம் பலகைக்கு, பெண் தங்கள் தேவைக்கு என்று எண்ணும் ஆண்களைப் பற்றி அவர் மகளிடம் பேசும் பேச்சு சுடுகிறது.

மறுபடி ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலுக்கே வருவோம். மோதிரத்தைச் சுமந்து போகும் ஃப்ரோடோவின் உறவுக்காரி லொபீலியா சாக்வில்-பேகின்ஸை எல்லோருக்கும் நினைவிருக்கும், வெள்ளிக் கரண்டி திருடியவர் என்று. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்கும் நினைவில்லை. திரைப்படத்தில் அந்த அத்தியாயமே விடுபட்டுவிட்டது. குள்ள உருவ ஹாபிட்டுகளின் நாடான ஷயரை ரவுடிகள் பிடித்துக்கொண்ட நாட்களில், தன் வீட்டருகே கொட்டகை போட வண்டியோடு வந்தவர்களை வழிமறித்து, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று அதட்டி, ஏறக்குறைய இரு மடங்கு உயரமான தலைவன் மேல் பழைய குடையை ஓங்கிக்கொண்டு பாய்கிறார் இந்தக் கிழவி. சிறையில் தள்ளுகிறார்கள். மீட்கப்படும்போது மெலிந்துபோயிருந்தும் தன் காலாலேயே நடந்துதான் வருவேன் என்கிறார். ஒரு கை ஃப்ரோடோவின் கையில் சாய்ந்தபடி, மறு கையில் அதே குடை. ஊர் கைதட்டி ஆரவாரிக்கிறது. வாழ்நாளில் யாருக்கும் பிடிக்காமலிருந்தவர் அந்த ஒலியைக் கேட்டு அழுதபடி வண்டியேறிப் போகிறார். மகன் லோத்தோ கொல்லப்பட்டான் என்ற செய்தி அவரை உடைத்துவிடுகிறது. ஃப்ரோடோவிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிய பேக் எண்ட் வீட்டை ஃப்ரோடோவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டாரிடம் போய்விடுகிறார். அடுத்த வசந்தத்தில் அவர் இறந்தபோது, தன்னிடமும் மகனிடமும் மிஞ்சியிருந்த பணம் முழுவதையும், வீடிழந்த ஹாபிட்டுகளுக்கு உதவும்படி ஃப்ரோடோவின் பெயருக்கு எழுதி வைத்திருந்தார்.