கோன் பந்தைப் பிடுங்காது

அன்புள்ள சார்,

என் மகனுக்கு ஏழு வயது. ஆறு மாதமாக ஃபுட்பால் வகுப்புக்குப் போகிறான். தரையில் வரிசையாக வைக்கும் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு, அதாவது கோன்களுக்கு இடையே பந்தை அழகாக வளைத்துக்கொண்டு போகிறான். மேட்ச் என்று வந்தால், யாராவது எதிரே வந்ததுமே பந்தை எங்கேயாவது உதைத்துவிடுகிறான். இல்லையென்றால் குனிந்த தலையோடு போய் முட்டிக்கொள்கிறான். மொட்டை மாடியிலும் கோன் வைத்துப் பழக்கட்டுமா? இடது காலையும் இப்போதே பழக்க வேண்டுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மாடியில் கோன் வேண்டாம், வகுப்பில் செய்வதே போதும். கோன் நகராது, காலை நீட்டிப் பந்தைப் பிடுங்காது. அதைத் தாண்ட நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. ஆறு மாதமாக உங்கள் பையன் பழகியது அதைத்தான்.

முதலில் பந்தைப் பாருங்கள். மேலே 5 என்று அச்சிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அது பெரியவர்கள் ஆடும் பந்து. சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 கிராமுக்குக் குறையாது. ஏழு வயதுக்கு 3ஆம் நம்பர்தான் சரி.

அப்புறம் கால். சின்னப் பிள்ளைகள் விரல் நுனியால் தள்ளுவார்கள். பந்து அவர்களை முந்திக்கொண்டு ஓடிவிடும். ஓடும்போது பாதத்தைக் கொஞ்சம் உட்பக்கம் திருப்பி, சுண்டுவிரல் பக்கத்தால் தட்டச் சொல்லுங்கள். ஓட்டம் தடைபடாது. திரும்புவதற்குப் பாதத்தின் உட்பக்கம், நிறுத்துவதற்கு உள்ளங்கால். ஆள் பக்கத்தில் இருந்தால் சின்னச் சின்னத் தட்டு, முன்னால் இடம் காலியாக இருந்தால் நீளத் தட்டு.

மற்றதை விளையாட்டு பார்த்துக்கொள்ளும். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஆளுக்கொரு பந்து கொடுத்துக் கல்லா மண்ணா ஆடவிடுங்கள். பிடிப்பவனிடம் சிக்கவும் கூடாது, பந்து காலைவிட்டுப் போகவும் கூடாது. யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்காமல் அதை ஆட முடியாது, தலை தானாக நிமிரும். ஓரத்தில் நின்று "நிமிர்ந்து பாருடா" என்று கத்தினால் நிமிராது.

பிள்ளைகள் கிடைக்காத நாளில் நீங்களே எதிரே நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் செருப்புகளை வைத்து இரண்டு சின்ன கோல், நடுவே பத்தடி இடைவெளி. ஒன்றை நீங்கள் மறைத்தால் அவன் மற்றதற்குத் திரும்ப வேண்டும். எதிராளியை ஏமாற்றுவது எதற்கு என்று அப்போதுதான் புரியும். அவ்வப்போது பந்தை நிஜமாகவே பிடுங்குங்கள். சும்மா விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யூடியூபில் இருக்கும் இருபது வித்தைகளும் வேண்டாம். 1958, 1962 உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியின் காரிஞ்சா பெரும்பாலும் ஒன்றையேதான் செய்தார்: உடம்பை இடப்பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு வலப்பக்கமாகப் பறப்பது. எதிராளிகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏமாந்தார்கள், ஏனென்றால் அந்த இடத்தில் அவர் வேகம் சட்டென்று மாறும். நம் பிள்ளைகள் வித்தையைச் செய்துவிட்டு அதே வேகத்தில் போகிறார்கள். எதிராளிகள் பின்னாலேயே வந்து பந்தைப் பறித்துவிடுகிறார்கள். வித்தை முடிந்ததும் நாலடி பாய வேண்டும். அதைப் பழக்குங்கள்.

மேட்ச் அன்று "பாஸ் பண்ணு" என்று கத்தாமல் இருந்தால் பெரிய உபகாரம். ஏழு வயதில் பத்துப் பேரும் பந்தைச் சுற்றித்தான் நிற்பார்கள், யாருக்குப் பாஸ் பண்ணுவது? முடிந்தால் கோச்சிடம் நாலுக்கு நாலு ஆடவிடச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் எட்டு வயது வரை அப்படித்தான், கோல்கீப்பர்கூடக் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து வரும்.

இடது காலுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். செருப்பு கோல் ஆடும்போது அவனுடைய வலது பக்கத்தையே அடைத்து நில்லுங்கள். வேறு வழியில்லாமல் இடது காலுக்குப் போவான்.