பனியின் மேல் பழி போட வேண்டாம்: கர்ப்ப கால முதுகுவலியும் தலைவலியும்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன், டாக்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் டிஸ்க் விலகியிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரையிலும் ஓய்விலும் சரியாகிவிட்டது. இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். மீண்டும் இடுப்பு வலிக்கிறது, இடது காலின் பின்பக்கமாகக் குதிகால் வரை இழுக்கிறது. பழைய மாத்திரை மீதம் இருக்கிறது, சாப்பிடலாமா? வயிறு பெரிதாகப் பெரிதாக டிஸ்க் இன்னும் நழுவி, கால் விளங்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அந்தப் பழைய மாத்திரையை முதலில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். டிஸ்க் வலிக்கு வழக்கமாக எழுதித் தரப்படும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவை, 20ஆம் வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடியவை. 30 வாரங்களைத் தாண்டினால், குழந்தை பிறந்த பின்பே மூட வேண்டிய ஓர் இதயக் குழாயை வயிற்றுக்குள்ளேயே சுருங்கச் செய்யவும் கூடும். நீங்கள் ஏறத்தாழ அந்த 20ஆம் வார எல்லையில்தான் நிற்கிறீர்கள். வலி தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போதும். அதையும் உங்கள் மருத்துவர் சொல்லும் அளவில், முடிந்தவரை குறைந்த நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்சின் என்னும் ஹார்மோன் இடுப்பெலும்பைப் பிணைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. வயிறு முன்னோக்கி இழுக்க, நிலை தடுமாறாமல் இருக்க முதுகு பின்னோக்கி வளைகிறது. இதனால் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்த டிஸ்க் கோளாறும் இல்லாமலேயே இடுப்பு வலிக்கிறது. உங்களைப் போல் முன்பே டிஸ்க் விலகியவர்களுக்கு வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்றாலும், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை, சுகப்பிரசவத்துக்கும் அது தடையாவதில்லை. நான் அஞ்சுவது வேறு சிலவற்றுக்கு. உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நின்றுவிடுவது அல்லது தெரியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, அதோடு சேர்த்துச் சில சமயம் போடும் சாய ஊசியை மட்டும் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்.

மாத்திரையை விட உங்கள் வேலைதான் இதில் முக்கியமானது. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பறிப்பதும், நிறைந்த இலை மூட்டையைத் தலையிலோ முதுகிலோ ஏற்றிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு இறங்குவதும் டிஸ்க்குக்கு ஆகவே ஆகாதவை. பிரசவம் முடியும் வரை மூட்டையைத் தூக்காதீர்கள். விறகுக் கட்டுக்கும் இது பொருந்தும். சமதளத்தில் செய்யக்கூடிய இலகுவான வேலை தரும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேஸ்திரியிடம் கொடுங்கள். வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காத மரியாதை அந்தத் தாளுக்குக் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம், தினமும் சமமான பாதையில் சிறிது நேரம் நடப்பது நல்லது. இரவில் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே கம்பளியை மடித்து வைத்துப் படுங்கள். வெந்நீர்ப் பையை இடுப்பில் இதமான சூட்டில் வைக்கலாம், வயிற்றில் வேண்டாம்.

உதகைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தின் பக்கத்திலேயே விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப் பொருள், தோல் வழியாக உடலுக்குள் செல்லக்கூடியது. மலையில் விளைந்தது என்பதாலேயே அது கர்ப்பிணிக்கு உகந்ததாகிவிடாது.

கேள்வி: தலைப்பிரசவத்துக்காக என் மகள் திருப்பூரிலிருந்து குன்னூருக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம் நடக்கிறது. இரண்டு வாரமாகத் தலைவலி என்கிறாள். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டு, இரவில் அறையைச் சாத்திக் கரி அடுப்பு வைக்கிறோம். அவளுக்குத் திருமணத்துக்கு முன் ஒற்றைத் தலைவலி இருந்தது. அதுதான் திரும்பியிருக்குமா டாக்டர்? (ஒரு தாய், குன்னூர்)

பதில்: அம்மா, இன்று இரவே அந்த அடுப்பை அறையை விட்டு வெளியேற்றிவிடுங்கள். மூடிய அறையில் கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் முதல் அடையாளமே தலைவலிதான். தாயின் இரத்தத்தைக் காட்டிலும் குழந்தையின் இரத்தம் அதை இறுகப் பற்றிக்கொள்வதால், தாய்க்கு வெறும் தலைவலியாகத் தெரிவது குழந்தைக்குப் பெருங்கேடாக முடியலாம். காலையில் எழும்போது கடுமையாக இருந்து, வாசலுக்கு வந்து நின்றால் குறைகிறதா, அதே அறையில் படுக்கும் மற்றவர்களுக்கும் தலை கனக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நாளைக் காலையிலேயே அவளுக்கு இரத்த அழுத்தம் பாருங்கள். 20 வாரங்களுக்குப் பிறகு வரும் புதிய தலைவலி எதுவாயினும், இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்காமல் அதற்கு வேறு காரணம் கற்பிக்கக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலக் கொதிப்பு என்று கொள்வோம். 160/110ஐத் தொட்டால் அது அவசர நிலை. கண் மங்குவது, கண்முன் பொறி பறப்பது, வலப்பக்க விலாவின் கீழ் வலிப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவை தலைவலியோடு சேர்ந்து வந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு என்று பொருள்; உடனே 108ஐ அழையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே பகலில் தெரிந்த அறிகுறிக்கு இரவு வரை காத்திருக்காதீர்கள்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும், அதுவும் வந்த சில நாட்களில் தணிந்துவிடும். இரண்டு வாரத் தலைவலியை மலையின் கணக்கில் எழுத முடியாது. ஒற்றைத் தலைவலியோ, ஈஸ்ட்ரோஜன் நிலைப்படுவதால், பலருக்கு மூன்றாம் மாதத்துக்குப் பிறகு குறையவே செய்கிறது. அதுவே திரும்பியது என்று பின்னால் தெரிந்தாலும், பழைய சீட்டில் எர்கோட்டமின், வால்புரோயேட் என்று எழுதியிருந்தால் அவற்றைத் தொடவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால் சாதாரணக் காரணங்களைத் தேடலாம். குளிரில் தாகம் தெரியாததால் நம் ஊரில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தேயிலை விளையும் ஊரில் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது, இரத்த சோகையும் தலைவலியும் நீடிக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அதற்குத் தவறாமல் செல்லட்டும், ஆனால் இந்தத் தலைவலிக்காக அந்தத் தேதி வரை பொறுக்க வேண்டாம்.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியால் ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகி, கூடலூர்)

பதில்: இல்லை. ஊசி போட்ட இடம் சில நாட்கள் வலிக்கலாம். அதன் பிறகு மாதக்கணக்கில் நீடிப்பது பெரும்பாலும் கர்ப்பத்தில் தளர்ந்த இடுப்பு, குனிந்தபடி பால் கொடுப்பது, தூக்கமின்மை ஆகியவற்றின் விளைவு. சுகப்பிரசவமான பெண்களுக்கும் அது உண்டு. முதுகெலும்பு வளைந்திருந்தாலோ, முன்பு கம்பி வைத்து அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, பழைய ஸ்கேன் படத்தோடு ஏழாம் மாத வாக்கிலேயே மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், பிரசவ அறையில் அவசரமாக விளக்குவதற்கு அது ஏற்ற செய்தியன்று. இந்த ஊசியால் உண்மையில் சிலருக்கு வருவது தலைவலிதான். தண்டுவட நீர் ஊசித் துளை வழியாகக் கசிவதால், ஓரிரு நாளில் தொடங்கி, எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இப்போதைய மெல்லிய ஊசிகளால் இது குறைந்திருக்கிறது. நீடித்தாலும், உங்கள் இரத்தத்தையே சிறிதளவு எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் படுத்தாலும் குறையாத தலைவலி, பிரசவமாகி ஆறு வாரங்களுக்குள் எப்போது வந்தாலும், மீண்டும் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அதோடு வலிப்போ ஒரு பக்கத் தளர்ச்சியோ சேர்ந்தால், மூளையின் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும்.